அடுப்படிச் சுவரில் ஒரு சிவப்புப் பொட்டு

ஒதியம்பட்டில் சகாயராணியைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவள் பூட்டை இழுத்துப் பார்ப்பதைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. பூட்டுவாள், இழுப்பாள், தெருமுனை வரை போவாள், திரும்பி வந்து இன்னொரு தரம் இழுப்பாள். காஸ் சிலிண்டருக்கும் அதே மரியாதைதான். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டு, அடுப்பை அணைத்தோமா என்று அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஓடி வந்ததும் உண்டு. அவள் புருஷன் அருள்தாஸ், சேதராப்பட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் பார்ப்பவன், இதையெல்லாம் டீக்கடையில் சொல்லிச் சிரிப்பான். சொல்லட்டும். சிரிக்கிறவன் வீட்டில் இதுவரை ஒரு பொருள் திருடு போனதில்லை என்பதையும் அவன் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

எட்டு வருஷம் மில்லில் நின்றாள். மில்லை மூடியபோது ஜவுளிக்கடையில் நின்றாள். கால் நரம்பு சுருட்டிக்கொண்டு வலி உயிரை எடுத்தபோதுதான், இனி யாரிடமும் போய் நிற்பதில்லை என்று வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு நாட்டுக்கோழிக் குஞ்சு வாங்கி விட்டாள்.

குஞ்சுகளுக்கு முதல் பத்து நாள்தான் கண்டம். சூடு வேண்டும். அதற்குக் குண்டு பல்பு எரிய வேண்டும். எலக்ட்ரீஷியன் மணவாளன் அந்தப் பல்புகளுக்கு அடுப்படியில் ஒரு ஸ்விட்ச், கொட்டகைக் கதவோரம் ஒரு ஸ்விட்ச் என்று இரண்டு வைத்துக் கொடுத்தான். இங்கே போட்டதை அங்கே அணைக்கலாம், அங்கே போட்டதை இங்கே அணைக்கலாம். வசதிதான். ஆனால் அந்த மாதிரி ஸ்விட்ச் மேலே பார்த்தாலும் கீழே பார்த்தாலும், பல்பு எரிகிறதா இல்லையா என்று சொல்ல முடியாது. கொட்டகையைச் சுற்றித் தார்ப்பாய் இறக்கிவிட்டால் உள்ளே எரிவது வீட்டுக்குத் தெரியவும் தெரியாது. கார்த்திகை அடைமழையில் ஒரு நாள், போடுவதாக நினைத்து அவள் அணைத்துவிட்டாள். விடிந்து பார்த்தால் முக்கால்வாசிக் குஞ்சு விறைத்துக் கிடந்தது.

"இன்னொரு தரம் பாரு. அதுவும் போச்சின்னா கொட்டகைய கழட்டிட்டு வண்டி நிறுத்திக்கலாம்" என்றான் அருள்தாஸ். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. கொட்டகை போனால் மறுபடி ஏதாவது ஒரு கடையில் காலை ஊன்றி நிற்க வேண்டியதுதான்.

மார்கழியில் இருநூறு குஞ்சு வந்து இறங்கியது. அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு வாய் சோறு தின்பாள், எழுந்து போய்த் தார்ப்பாயைத் தூக்கிப் பார்ப்பாள். பாத்திரத்தில் பாதி தேய்ப்பாள், போவாள். மூன்று நாளில் அடுப்படிக்கும் கொட்டகைக்கும் நடுவே புல் செத்து ஒரு தடம் விழுந்துவிட்டது. பார்க்கச் சகிக்காமல் நான்காம் நாள் அருள்தாஸே மணவாளனைக் கூட்டி வந்தான்.

"அடுப்படி ஸ்விட்ச்சுல ஒரு இண்டிகேட்டர் வெச்சிடு மணவாளா. இவ நடந்தே பாதியாயிட்டா."

"அதுக்கின்னாண்ணே, அஞ்சு நிமிச வேலை" என்று ஸ்விட்ச் பெட்டியைக் கழற்றி, சின்னதாக ஒரு சிவப்பு நியான் விளக்கை உள்ளே வைத்தான் மணவாளன். திருகாணி முடுக்கும்போது கரண்டு போனது. அவனுக்கு அடுத்த வீட்டில் வேலை காத்திருந்தது. "வந்ததும் போட்டுப் பாருக்கா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

கரண்டு ஐந்து மணிக்கு வந்தது. அன்று சாயங்காலம் வில்லியனூர் மாதா கோயிலில் பூசை. வாசலில் வண்டியைக் கிளப்பி வைத்துக்கொண்டு அருள்தாஸ் நின்றான். தூறல். நல்ல குளிர். சகாயராணி அடுப்படிக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள். சிவப்பு இல்லை. ஸ்விட்சைத் தட்டினாள். சிவப்புப் பொட்டு பளிச்சென்று வந்தது. அப்பாடா என்று இருந்தது. இருந்தாலும் கால் கேட்கவில்லை, கொட்டகைப் பக்கம் திரும்பியது.

"இன்னாடி, எங்க போற?"

"ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேங்க."

"செவப்பு எரியுதா இல்லியா?"

"எரியுது."

"அப்பறம் இன்னா? இப்பவும் போயி பாக்கறதுன்னா அத எதுக்கு வெச்சோம்? ஊரே சிரிக்குது ராணி. ஏறு."

அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஏறி உட்கார்ந்தாள். வழி முழுக்க மனசு அடித்துக்கொண்டது, ஆனால் வாயைத் திறக்கவில்லை. பூசையில் எல்லாரும் மண்டியிட்டபோது அவள் கண்ணை மூடினால் சிவப்புப் பொட்டுதான் தெரிந்தது. எரியுது, எரியுது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வரும் வழியில் வாசலில் கட்டக் காகித நட்சத்திரம்கூட வாங்கினார்கள். கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் பாதி வழியில் வண்டியைத் திருப்பச் சொல்லாத முதல் பயணம் அது. அருள்தாஸுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மணி எட்டு. அடுப்படியில் பொட்டு எரிந்துகொண்டுதான் இருந்தது. குஞ்சுகளுக்குத் தண்ணீர் வைக்கப் போன சகாயராணி தார்ப்பாயைத் தூக்கினாள். உள்ளே கும்மிருட்டு. செல்போன் வெளிச்சத்தை அடித்தாள். குஞ்சுகள் எல்லாம் ஒரு மூலையில் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குவியலாகக் கிடந்தன. மேலே இருந்தவை கத்தின. அடியில் இருந்தவை கத்தவில்லை.

கதவோரத்து ஸ்விட்சைத் தட்டியதும் பல்புகள் எரிந்தன. அந்த நேரத்தில் அடுப்படியில் நின்ற அருள்தாஸின் கண் முன்னால் சிவப்புப் பொட்டு அணைந்தது. ஓடினான். இருவரும் மண்டி போட்டுக் குவியலைக் கையால் விலக்கினார்கள். முப்பத்தொரு குஞ்சு போயிருந்தது. அவள் அழவில்லை, அவனைத் திட்டவும் இல்லை. உயிர் இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்துப் பல்புக்குக் கீழே விட்டாள். திட்டியிருந்தால் அவனுக்கு ஆறியிருக்கும்.

காலையில் மணவாளன் வந்து தலையில் கை வைத்துக்கொண்டான். "அக்கா, ஊரு பூரா இப்பிடித்தான் போடறேன். இருட்டுல ஸ்விட்ச் எங்க இருக்குதுன்னு தெரியணும்பாங்க. பல்பு அணஞ்சி இருந்தாத்தான் இது எரியும்."

"இன்னாத்துக்கு வெக்கிறோம்னு ஒரு வார்த்த கேட்டியா நீ?" என்றாள் அவள். அவன் கொட்டகைப் பல்புக்குப் போகும் ஒயரிலிருந்து தனியாக ஒரு ஒயரை அடுப்படி வரை இழுத்து, அதில் பொட்டைச் சேர்த்தான். பல்பு எரிந்தால் இதுவும் எரியும், பல்புக்குக் கரண்டு நின்றால் இதுவும் நிற்கும். சகாயராணி அங்கும் இங்குமாகப் பதினெட்டுத் தடவை போட்டு அணைத்துப் பார்த்தாள். இந்த முறை அருள்தாஸ் சிரிக்கவில்லை. கொட்டகைக்குள் நின்றுகொண்டு ஒவ்வொரு தடவையும் "எரியுது", "அணஞ்சிது" என்று கத்தினான்.

அன்று சாயங்காலம் மறுபடி தூறல். இரண்டு பேரும் அடுப்படியில் சாப்பிட உட்கார்ந்தார்கள். சுவரில் சிவப்பு எரிந்தது. சகாயராணி அதைப் பார்த்தபடி, அடக்கிக்கொண்டு, சோற்றைப் பிசைந்தாள். இரண்டு வாய் தின்றிருப்பான், அருள்தாஸ் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தான்.

"எங்க போறீங்க? செவப்பு எரியுதுல்ல?"

"எரியுது. எரியட்டும். நான் ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்."

எச்சில் கையோடு, குடைகூட எடுக்காமல், அவள் போட்ட தடத்திலேயே அவன் போனான். போகிறவனைச் சகாயராணி வாசற்படி வரை வந்து பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. திரும்பி வந்து உட்கார்ந்து ஒரு வாய் எடுத்தாள். பிறகு, அவன் தார்ப்பாயைச் சரியாக இறக்கிவிட்டானா என்று பார்க்க எழுந்து போனாள்.