சட்டைக் கைக்குள் நுழையாத பிளாஸ்டர்

பதினேழு வருடமாகத் தாதி அஸ்மியாவுக்குப் பிளாஸ்டர் அறையில்தான் வேலை. நிந்தவூரிலிருந்து காலை பஸ் பிடித்து, கல்முனைப் பக்கத்து ஆஸ்பத்திரியொன்றில் வந்து இறங்கும்போதே வரிசை நிற்கும். பாதிக்கு மேல் பிள்ளைகள். அழுகிற பிள்ளையிடம் கை நோகிறதா என்று அவர் கேட்பதில்லை. "ஆரு தள்ளின? பேரச் சொல்லு, நான் பாத்துக்கிறன்" என்பார். பிள்ளை யோசித்து முடிப்பதற்குள் பாதிக் கட்டு போட்டாயிற்று.

நோன்பின் கடைசி வாரத்தில் அந்த அறைக்கு வேறொரு தொல்லை. பெருநாள் உடுப்புத் தைத்தாகிவிடும். கட்டுப்போட்ட கை அதற்குள் போகாது. பிளாஸ்டரை வெட்டச் சொல்லித் தாய்மார் வருவார்கள்.

இந்த முறை வந்தவர் றுஸ்தா. ஆறு வயது மகள் ஸப்னா, கரையில் ஏற்றியிருந்த தோணியிலிருந்து குதித்து முன்கையை முறித்து இரண்டு வாரம்.

"மிஸி, புள்ளைக்கு ஒரு நோவுமில்ல. நேத்து இந்தக் கையாலதான் தம்பிக்கு அடிச்சிரிக்கா."

"அப்ப கை நல்லாத்தான் வருது. ஆனா வெட்ட ஏலா. இன்னும் ரெண்டு கிழமை இரிக்கட்டும் எண்டு டொக்டர் சொல்லிரிக்காரு."

"ஊருக்கெல்லாம் தைக்கிறன் மிஸி. எண்ட புள்ள மட்டும் பழசோட நிக்கிறதா? நீங்க வெட்டாட்டி இவட வாப்பா ஊட்ட வெச்சு வெட்டிருவாரு."

அஸ்மியாவின் முகம் மாறியது. அப்படி வீட்டில் வெட்டி, பெருநாளன்றே மறுபடி விழுந்து, வளைந்த கையோடு வந்த பிள்ளையை அவர் பார்த்திருக்கிறார்.

சின்னப் பிள்ளைகளின் எலும்பு பல நேரம் பச்சைக் கம்பைப் போல ஒரு பக்கம் பிளந்து மறுபக்கம் வளையும். பொருந்துவதும் பெரியவர்களைவிட வேகம். சிறு கோணலை வளர்கிற எலும்பே நிமிர்த்திக்கொள்ளும். ஏமாற்றுவதும் அந்த வேகம்தான். நோவு முதலில் போய்விடும். முறிவைச் சுற்றி ஊறிய புது எலும்போ இன்னும் மெத்தென்றிருக்கும்.

"ஊட்டுக்காரர் என்ன தொழில்?"

"வயல்."

"ஒடஞ்ச வரம்புக்குப் புதுமண் போட்டா, அண்டைக்கே அதுக்கு மேல மோட்டச்சைக்கிள் ஓட்டுவாரா?"

"ஓட்டினா சைக்கிளும் ஆளும் சேத்துக்குள்ளதான்!" என்றாள் வரிசையில் நின்ற ஒருத்தி. சிரிப்பு எழுந்தது. றுஸ்தா சிரிக்கவில்லை.

"எலும்ப அவசரப்படுத்த எனக்கு ஏலா. தையல் ஒங்கட கைலதானே இரிக்கி? சட்டைய எடுங்க."

பையிலிருந்து வந்த சட்டைக்கு மணிக்கட்டு வரை இறுக்கமான கை, விளிம்பெல்லாம் முத்து. "கண்ணு பூக்கத் தச்சன் மிஸி" என்ற றுஸ்தா அதை மடியில் அணைத்துக்கொண்டார்.

ஸப்னாதான் முடிவு சொன்னாள். "தோள்வரைக்கும் பிரிங்க உம்மா. பிளாஸ்டர் தெரியோணும். பக்கத்து ஊட்டு அஸ்கிக்கிட்ட இப்பிடி ஒண்டுமில்ல."

றுஸ்தாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிளாஸ்டர் மேசையில் சட்டையை விரித்து, அஸ்மியா நீட்டிய சின்னக் கத்திரிக்கோலால் தையலைப் பிரிக்கத் தொடங்கினார். அஸ்மியா அவருடைய போனை வாங்கி வீட்டுக்காரரை அழைத்து, அண்ணன் முறை வைத்துப் பேசினார். "காக்கா, வெட்டத் தேவயில்ல. சட்டைய வெட்டியாச்சி."

பெருநாளுக்கு அடுத்த கிழமை ஸப்னாவுக்கு மறுபடி எக்ஸ்ரே எடுக்கிறார்கள். புது எலும்பு இறுகியிருந்தால், பிளாஸ்டரை அஸ்மியா வெட்டுவார்.