பேய்க்கு முன்னால் தெரியும் முகம்

எனக்குப் பேய்த் தொடர் என்றாலே ஆகாது. என் வீட்டுக்காரருக்கு அதுதான் உயிர்.

அவர் சவுதியில், நான் திண்டிவனத்தில். வெள்ளிக்கிழமை மதியம் அவருக்கு லீவு. வீடியோ காலில் பேசிக்கொண்டே இருவரும் ஒரே நேரத்தில் ப்ளே பண்ணுவோம். நாங்கள் சேர்ந்து குடித்தனம் செய்வது அந்த ஒரு மணி நேரம்தான்.

அவர் பக்கம் நெட் வேகம், படம் கொஞ்சம் முந்தி ஓடும். அதனால் நான் டிவியைப் பார்ப்பதில்லை, போனில் அவர் முகத்தைத்தான் பார்ப்பேன். பேய் வந்தால் மனிதர் சிரிப்பார். உடனே நான் கண்ணை மூடிக்கொள்வேன்.

இன்றைக்குச் சிரிக்கவில்லை. முகம் வெளுத்துப் போனது.

நான் கண்ணை இறுக்கி மூடினேன். திறந்து பார்த்தால், டிவியில் ஒரு குடும்பம் அமைதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

"என்னங்க, பேய் வந்துடுச்சா?"

"நான் இன்னும் ப்ளேவே பண்ணலியே. நெட்டு சுத்திக்கினே இருக்குது."

"அப்ப எதைப் பாத்து பயந்தீங்க?"

அவர் போனைக் கண்ணருகே கொண்டுபோய் உற்றுப் பார்த்தார்.

"வீட்டுக்கு யாராச்சும் வந்திருக்காங்களா?"

"இல்லியே, நான் மட்டுந்தான்."

"திரும்பிப் பாக்காத. அப்டியே எழுந்து வெளிய போ. ஜல்தி."

தெருவில் நின்றுதான் இதை எழுதுகிறேன். விளையாடுகிறார் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் சிரிக்காமல் விளையாட அவருக்குத் தெரியாது.

திண்டிவனத்து நட்புகள் யாராவது வாருங்கள், டீ போட்டுத் தருகிறேன். எத்தனை பேர் வருகிறீர்கள் என்று மட்டும் கமெண்டில் சொல்லிவிடுங்கள். உள்ளே போனதும் ஒரு தலை கூடுதலாக இருந்தால் எனக்குத் தெரிய வேண்டும்.