பென்சிலில் எழுதும் ‘நெகட்டிவ்’

என் மனைவிக்குச் சிறுநீரகம் மாற்றி மூன்று வருடமாகிறது. கூட்டத்தில் போகக்கூடாதென்பதால், சேர்ந்து கருட சேவை பார்க்க ஏங்கிக்கிடந்தோம். இந்த வைகாசியில் போகலாமென்று மருத்துவர் சொன்ன பிறகு, அவளுக்கு விடாத சோர்வு. முன்பு டயாலிசிஸில் கல்லீரல் கிருமி ஏதும் தொற்றியிருக்குமோ என்று, மருத்துவரைக் கேட்காமல் நானாகவே அருகிலிருந்த பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு ஹெபடைடிஸ்-சி எதிர்ப்பொருள் சோதனை எடுக்கவைத்தேன். நெகட்டிவ். டைரியில் "நோய் இல்லை" என்று பேனாவால் எழுதினேன்.

"உங்க டைரியில நான் நல்லாத்தான் இருக்கறேன். எழுந்துக்கத்தான் முடியல" என்றாள்.

மருத்துவரிடம் போனோம். "மாத்தின சிறுநீரகத்துக்குப் போடற மாத்திரை, கிருமிக்கு எதிரா உடம்பு உண்டாக்கற எதிர்ப்பொருளையும் அடக்கிடும்மா. கிருமியையே தேடணும்" என்றார். பிசிஆர் சோதனையில் கிருமி இருந்தது. சிகிச்சையில் தேறிவருகிறாள். கருட சேவையன்று வீட்டு மாடி ஜன்னலிலிருந்து பெருமாளின் குடையை மட்டும் பார்த்தோம்.

இப்போது எந்தச் சோதனைக்குப் போனாலும் அவளுக்கு மாற்றுச் சிறுநீரகம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெகட்டிவ் வந்தால், மருத்துவர் உறுதி சொல்லும்வரை டைரியில் பென்சிலால்தான் எழுதுகிறேன். அடுத்த வருடக் கருட சேவையையும் பென்சிலால்தான் குறித்திருக்கிறேன்.