ஸ்டார்ட்டர் மோட்டாரும் நான் தாண்டிய ஒரு வரியும்

வண்டி பழுதுபார்க்கும் கடையில் உட்கார்ந்து பழகிய உங்களுக்குத் தெரியும், இங்கே வருகிறவர் யாரும் நடந்ததை நடந்தபடி சொல்வதில்லை. மூலக்குளத்தில் என் கணவர் நடத்திய பட்டறையை அவர் போனபிறகு நான் பார்த்துக்கொள்கிறேன். கல்லூரியில் பிரெஞ்சு இலக்கியம் படித்தவளுக்கு கிரீஸ் வாசனை பழகிவிட்டது. அதிர்ச்சிதான் இன்னும் பழகவில்லை.

'டிக்'

கருவடிக்குப்பத்திலிருந்து தனசேகர் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தார். மேடு பள்ளத்தில் ஓட்டுவதற்கென்றே செய்த உயரமான பைக். ஊருக்குத் திரும்பிப்போன ஒரு பிரெஞ்சுக்காரரிடம் வாங்கியது. உதைத்துக் கிளப்ப கிக்கர் கிடையாது, பொத்தான்தான். அழுத்தினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. நாற்பது வயது மனிதர், எங்களோடு பேசும்போதும் கட்டைவிரலை அந்தப் பொத்தானிலிருந்து எடுக்கவில்லை.

எங்கள் மெக்கானிக் இஸ்மாயில் பாய் குனிந்து காது கொடுத்துக் கேட்டார். "ஸ்டார்ட்டர் மோட்டார் இறுகிப்போச்சு. கழட்டித்தான் பாக்கணும். தண்ணியில கிண்ணியில விட்டீங்களா?"

தனசேகர் நெஞ்சில் கை வைத்தார். "தண்ணியா? நான் இதை ஈரத்துணியாலகூடத் தொடச்சதில்ல பாய்."

நான் படிக்க, அவர் கழற்ற

இஸ்மாயில் பாய்க்கு ஒரு கண்தான். இடது கண் என் கணவர் இருந்தபோதே இரும்புத் துகள் தெறித்துப் போய்விட்டது. மிச்சமிருக்கிற வலது கண்ணை நம்பித்தான் அவர் குடும்பமும் இருக்கிறது, என் பட்டறையும் இருக்கிறது. அதனால் படிக்கிற வேலை என்னுடையது. வண்டியோடு வந்த கையேடு பிரெஞ்சில் இருந்தது. பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து வரிவரியாகத் தமிழில் சொல்வேன், அவர் செய்வார்.

முதல் வரி, பாட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்று என்றது. இதைப் போய் இவரிடம் சொல்வதா என்று தாண்டிவிட்டேன். சாவி போடாதவரை மோட்டார் வயரில் கரண்ட் வராது என்பது அவர் நினைப்பு. அடியில் பாட்டரி இருக்கும் சீட்டை அவர் திறக்கவே இல்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால், எப்போதும் சொல்வதைத்தான் சொல்லியிருப்பார்: "தெரிஞ்சதையே படிச்சா எனக்குத் தூக்கம் வருதும்மா, நேரா விஷயத்துக்கு வாங்க."

வெளிச்சம்

மோட்டாரில் வயரைப் பிடித்திருந்த நட்டை பாய் ஸ்பேனரால் திருகிக்கொண்டிருந்தார். ஸ்பேனரின் மறுமுனை இஞ்சினில் பட்டுக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து தனசேகர் சாவியைத் திருப்பிப் பொத்தானை அழுத்தினார்.

ஸ்பேனர் வழியாக இஞ்சினுக்குக் கரண்ட் பாய்ந்து, வெள்ளையாக ஒரு பொறி. சடார் என்று ஒரு சத்தம். பாய் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பின்னால் சாய்ந்தார். கையேடு என் மடியிலிருந்து நழுவி விழுந்தது. பகல் பதினொரு மணி. வாசலெல்லாம் வெயில். பாய் கையை எடுத்து, முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிவிட்டுக் கேட்டார்: "லைட்டை ஏம்மா அணைச்சீங்க?"

ஆஸ்பத்திரி பெஞ்ச்

பொறியில் தெறித்துக் கண்ணில் புகுந்த துகளை எடுத்துவிட்டார்கள். இரண்டு நாள் கட்டு. பிரித்துப் பார்த்தால்தான் பார்வை தெரியும் என்றார் டாக்டரம்மா. ஏன் அழுத்தினீர்கள் என்று தனசேகரைக் கேட்டேன். "கழட்ட ஆரம்பிச்சிட்டாரே, சரியாயிடுச்சான்னு பாத்தேன் மேடம்" என்றார்.

உழவர்கரையிலிருந்து பாயின் மனைவி சல்மா ஓடிவந்தாள். நான் ஒரு வரியைத் தாண்டியதை மறைக்காமல் சொன்னேன். அவள் சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் கேட்டாள்: "படிக்கத் தெரியாத நானா பக்கத்துல இருந்தேன்? நீங்கதானேம்மா இருந்தீங்க?"

கட்டோடு வந்தவர்

மறுநாள் ஆட்டோவில் வந்து இறங்கினார் பாய். கண்ணில் கட்டு. வீட்டில் சும்மா உட்கார்ந்தால் பயமாக இருக்கிறதாம். சீட்டைத் திறந்து நெகட்டிவ் வயரை நானே கழற்றினேன். அப்புறம்தான் அவரை வண்டியைத் தொடவிட்டேன். விரல்கள் தடவித் தடவி நட்டைக் கண்டுபிடித்தன, பிறகு இரண்டு போல்ட்டுகளை. மோட்டாரை மெல்ல ஆட்டி உருவினார். மணிக்கட்டில் ஆயில் வழிந்தது.

பிரித்ததும் உள்ளிருந்து துருவும் மணலும் கொட்டின. ஒரு சிட்டிகை எடுத்து, நான் தடுப்பதற்குள் நாக்கில் வைத்துவிட்டார். "கடலு" என்றார். பக்கத்தில் நின்ற தனசேகருக்கு முகம் வெளுத்தது. "ஒரே ஒரு அலைதான் பாய். அதுவா வந்துச்சு."

பிரித்தபோது

டாக்டரம்மா கட்டைப் பிரித்தார். சிவந்த கண்ணிலிருந்து நீர் வழிந்தது. சல்மா துப்பட்டா முனையை வாயில் கவ்விக்கொண்டாள். தனசேகர் சுவரோரம் நின்றார். எத்தனை விரல் என்று டாக்டரம்மா கேட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்போது பாயின் குரல் கேட்டது: "அந்தாளு கையில சாவி வச்சிருக்காரு, மொதல்ல அதை வாங்குங்கம்மா."

இந்தத் தொழிலில் என் பங்கு படிப்பது ஒன்றுதான், அதிலும் ஒரு வரியை மிச்சம் பிடித்தவள் நான்.