மேடையில் வாங்கிய புத்தகங்கள்

ஆண்டிறுதி விடுமுறை தொடங்கியபோது தூங்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை எதுவும் இல்லை. பாடாங் மேஹா என்ற ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை நான். பிள்ளைகளால் எனக்குச் சோர்வு வந்ததில்லை. அவர்களைப் பற்றிக் கணினியில் ஏற்ற வேண்டிய விவரங்களும், விடியும் முன்பே கத்தத் தொடங்கும் வாட்ஸ்அப் குழுக்களும்தான் ஆளைத் தின்கின்றன. முதல் வாரம் முழுக்கச் சோபாவிலேயே கிடந்தேன். வீட்டுக்காரர் வந்து வந்து பார்த்தார்.

"காய்ச்சலா?"

"இல்ல."

"அப்புறம் என்னா?"

நான் சோபாவிலேயே புரண்டு படுத்தேன். அவர் வாசலில் நின்ற காடியை, எங்கள் காரை, கழுவப் போய்விட்டார்.

சோபாவுக்கு எதிரே கண்ணாடி அலமாரி. அதில் உள்ள புத்தகங்களில் பாதிக்கு மேல் நூல் வெளியீடுகளில் வாங்கியவை. எங்கள் பக்கம் ஒருவர் புத்தகம் போட்டால் அது ஏறக்குறையக் கல்யாணம்தான். அழைப்பிதழ் வரும், போகாமல் இருக்க முடியாது. மண்டபத்தில் வடையும் மீகூன் சேமியாவும் தேநீரும் இருக்கும். பெயர் பெயராக மேடைக்கு அழைப்பார்கள். பணம் வைத்த உறையைக் கொடுத்துப் புத்தகத்தை வாங்கி, எழுத்தாளரும் நாமுமாக அதைப் பிடித்துக்கொண்டு காமிராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். மொய் எழுதிவிட்டு வந்தவர்களிடம் மாப்பிள்ளையும் பெண்ணும் எப்படிக் குடித்தனம் நடத்துகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. புத்தகமும் அப்படியே வீட்டுக்கு வந்து அலமாரிக்குள் போய்விடும்.

எழுந்து வேறு வேலை செய்யத் தெம்பில்லாததால்தான் படிக்கத் தொடங்கினேன். ஆர்வம் என்று சொன்னால் பொய்.

கையில் முதலில் வந்தது ஒரு கவிதைத் தொகுப்பு. அதில் வாழ்த்துரைகள் முடிந்து கவிதை வருவதற்குள் எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. அடுத்தது வாழ்க்கையில் முன்னேறும் வழி சொல்லும் நூல். அதிகாலையில் எழுந்து கண்ணாடி முன் நின்று நம்மை நாமே பாராட்டிக்கொள்ளச் சொன்னது. மூடி வைத்துவிட்டேன். பிறகு தோட்டத்து நாவல்கள். எல்லாவற்றிலும் மழை பெய்துகொண்டே இருக்கிறது, எல்லாவற்றிலும் யாராவது இருமிக்கொண்டே இருக்கிறார்கள். நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் வெயிலும் அடித்தது, ஜனங்கள் வயிறு வலிக்கச் சிரிக்கவும் செய்தார்கள். அதை ஏன் ஒருவரும் எழுதுவதில்லை என்று எரிச்சலாக இருந்தது.

ஆனால் ஒரு சிறுகதை என்னைச் சாய்த்துவிட்டது. குருணில் உள்ள ஒரு தொழிற்சாலைக்கு முதல் நாள் வேலைக்குப் போகும் நடுத்தர வயதுப் பெண். பஸ்ஸில் பக்கத்தில் இருக்கும் சின்னப் பெண்கள் எல்லாரும் தன்னைப் பார்ப்பதாக நினைத்துக் கூசிப்போகிறாள். கடைசியில் பார்த்தால் யாருமே அவளைப் பார்க்கவில்லை, எல்லாரும் தூங்குகிறார்கள். அவ்வளவுதான் கதை. அதைப் படித்துவிட்டு ரசம் பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் அடுப்படியில் நின்று அழுதேன். பின்னட்டையைத் திருப்பி எழுதியவர் படத்தைப் பார்த்தேன். மேடையில் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்த பெண்தான். அன்றைக்கு நான் அவர் முகத்தைக்கூடச் சரியாகப் பார்த்திருக்கவில்லை.

அந்தச் சூட்டோடுதான் பக்கத்து ஊர் கரங்கானில் மளிகைக்கடை வைத்திருக்கும் அண்ணனின் நாவலை எடுத்தேன். அவர் அரிசி பருப்பு விற்கிற மனிதர். கடையை மூடிய பிறகு உட்கார்ந்து, பல வருஷமாக எழுதி, ஒரே ஒரு நாவல் போட்டிருந்தார். நாங்கள் அவரிடம்தான் சாமான் வாங்குகிறோம். நாவல் வெளிவந்து சில வருஷம் ஆகியும், "படிச்சீங்களா டீச்சர்?" என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. அந்தக் கேள்வி வந்துவிடுமோ என்று நான்தான் ஒவ்வொரு முறையும் சாமானை வாங்கியதும் அவசரமாகக் கிளம்பிவிடுவேன்.

நாவல் நன்றாக இருந்தது. ஆச்சரியப்பட்டேன், அப்படி ஆச்சரியப்பட்டதற்கு என் மேலேயே கோபமும் வந்தது. தோட்டத்து லோரிக்காரர் ஒருவரின் மனைவி. அடி உதை கிடையாது, குடி கிடையாது, பெரிய சண்டைகூட இல்லை. ஒரு காலையில் துணி அலசிக்கொண்டிருந்தவள் பாதியில் எழுந்து, கையைத் துடைத்து, பையை எடுத்துக்கொண்டு வீட்டை விட்டுப் போகிறாள். அலுத்துப்போய்விட்டது, போகிறாள். அந்த இடத்தில் நான் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள் அலுப்பு எனக்குத் தெரிந்த அலுப்பு.

பக்கத்தைத் திருப்பினால் அவள் மறுபடி துணி அலசிக்கொண்டிருக்கிறாள். எனக்குத்தான் தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். இல்லை. படித்த பக்கங்களே இன்னொரு முறை கட்டப்பட்டிருந்தன. அவை முடிந்து கதை மறுபடி நகரும்போது, அவள் வீட்டில் உட்கார்ந்து கொசுவலையைத் தைத்துக்கொண்டிருக்கிறாள், புருஷன் சாப்பிடுகிறான். அவள் எங்கே போனாள், ஏன் திரும்பி வந்தாள் என்ற பகுதி அடியோடு இல்லை.

என் பிரதியில் மட்டும்தான் இந்தக் கோளாறா என்று பார்க்க, அந்த நாவல் வெளியீட்டில் என்னோடு மேடை ஏறிய சக ஆசிரியைக்கு அழைத்தேன். "இரு, எடுத்துப் பாக்கறேன்" என்றாள். போனில் பிளாஸ்டிக் உறை கிழியும் சத்தம் கேட்டது. அவளுடையதிலும் அதே கதிதான். இன்னும் இரண்டு பேரிடம் கேட்டேன். அவர்களுக்கும் அப்படியே.

எனக்கு மண்டபம் ஞாபகம் வந்தது. அவ்வளவு கூட்டம், அவ்வளவு பொன்னாடை. நாவலைப் பற்றி ஒருவர் அரை மணி நேரம் ஆய்வுரை வேறு நிகழ்த்தினார், நாங்களும் கைதட்டினோம். இத்தனை பேரில் ஒருவராவது பாதி வரை படித்திருந்தால் இது தெரிந்திருக்கும்.

இதை அவரிடம் சொல்வதா, விடுவதா? சொன்னால், புத்தகம் பழுது என்று மட்டுமா சொல்கிறேன்? உங்கள் நாவலை ஒருவரும் படிக்கவில்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொல்வதுதானே அது. வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"பேசாம இருலா" என்றார். "மனுசன் சந்தோசமா இருக்காரு. நீ போயி ஏன் கெடுக்கற?"

நியாயமாகத்தான் பட்டது. ஆனால் நாவலில் வந்த அந்தப் பெண் என்னை விடவில்லை. துணி காயப்போடும்போது, பாசாரில் மீன் வாங்கும்போது, அவள் ஏன் திரும்பினாள் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்திருக்குமா? போக இடம் இல்லையா? பழக்கதோஷத்தில் கால் தானாகவே திரும்பிவிட்டதா? விடுமுறை தீரும் நேரத்தில், இதற்கு மேல் முடியாது என்று புத்தகத்தை எடுத்துக்கொண்டு கரங்கானுக்குக் காடியை ஓட்டினேன்.

கடையில் ஒரு அம்மாள் சாம்பிராணி வாங்கிக்கொண்டிருந்தார். அவர் போகும்வரை உளுந்து மூட்டைக்குப் பக்கத்தில் நின்றேன். பிறகு புத்தகத்தைக் கல்லாமேசை மேல் வைத்தேன்.

"அண்ணே, நடுவுல ஒரு பகுதி இல்ல. அவ வீட்ட விட்டுப் போன பெறகு வர்றது. முன்ன உள்ளதே ரெண்டு தடவ வந்திருக்கு."

அவர் புத்தகத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"தெரியும் டீச்சர்" என்றார்.

"எப்பத்துல இருந்து?"

"வெளியீட்டுக்கு மறுநாள்ல இருந்து. வெளியீட்டுக்கு முந்துன நாள் ராத்திரிதான் புத்தகப் பெட்டி வந்துச்சு, பிரிச்சுப் பாக்க நேரமில்ல. பிரிண்டிங்காரன் நல்லவன், விட்டுப்போன பக்கத்த எல்லாம் தனியா அடிச்சுக் கொடுத்துட்டான். கேக்கறவங்களுக்குக் கொடுத்துடுங்கன்னு சொன்னான்."

குனிந்து மேசைக்கு அடியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இழுத்தார். உள்ளே மெல்லிய சின்னச் சின்னப் புத்தகங்களாக, விட்டுப்போன பகுதிகள். பெட்டி விளிம்பு வரை நிறைந்திருந்தது. மேலே இருந்த ஒன்றை எடுத்துத் தூசியைத் தட்டி என்னிடம் நீட்டினார்.

"ஏண்ணே, எல்லார்கிட்டயும் நீங்களே சொல்லியிருக்கலாமே. ஒரு மெசேஜ் போட்டா வந்து வாங்கிக்கிட்டுப் போயிருப்பாங்க."

"வருவாங்கதான்லா, வாங்கிக்கிட்டுப் போவாங்க" என்றார். "ஆனா யாரு படிச்சாங்கன்னு எனக்குத் தெரியாமப் போயிடுமே."

நான் அந்த மெல்லிய புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திருப்பினேன். அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காற்றாடிக்குக் கீழே இழுத்துப் போட்டார். "இங்கயே படிங்க, சின்னதுதான்" என்றார்.

உட்கார்ந்து படித்தேன். அவர் அடுக்கியிருந்த பால் டின்களை இறக்கி மறுபடி அடுக்கினார். இடையில் யாரோ முட்டை கேட்டு வந்தார்கள், போனார்கள். அந்தப் பெண் பஸ் நிலையம் வரை போய், நாள் முழுக்க அங்கே உட்கார்ந்திருக்கிறாள். யாரும் அவளைத் தேடி வரவில்லை. மாலையில் எழுந்து தானாகவே வீட்டுக்கு நடக்கிறாள். சோறு ஆக்குகிறாள். அவள் போனது புருஷனுக்குத் தெரியவே தெரியாது.

முடித்துவிட்டு நிமிர்ந்தேன். அவர் கையில் ஒரு டின்னோடு அப்படியே நின்றுகொண்டிருந்தார். பாராட்டிவிட்டு எழுந்து போயிருக்கலாம். அதைத்தான் அன்றைக்கு மேடையில் எல்லாரும் செய்தோம்.

"அண்ணே, எனக்குப் பிடிக்கல. அவ திரும்பி வந்திருக்கக் கூடாது" என்றேன்.

அவர் டின்னைக் கீழே வைத்தார். வெளியே போய்க் கடையின் இரும்புக் கதவைப் பாதிக்கு இறக்கிவிட்டு வந்து, என் எதிரே ஒரு வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்தார்.

"ஏன் அப்படிச் சொல்றீங்க? சொல்லுங்க டீச்சர்" என்றார். "யாவாரம் கெடக்கட்டும்."