கண்ணாடி முழுக்க உபயம்

எங்கள் ஊர் ரயில்வே ஸ்டேஷனில் ஒரு சின்ன அறை இருக்கிறது. மீட்டர் கேஜ் காலத்துச் சாமான்களை அதில் வைத்து, மியூசியம் என்று பலகை மாட்டியிருக்கிறோம். பலகை பெரிது, அறை சிறிது. கைவிளக்குகள், கொடிகள், பழைய டிக்கெட்டுகள் என்று கொஞ்சம் உண்டு. எல்லாவற்றுக்கும் ராஜா, சிவப்பு வர்ணம் பூசிய டோக்கன் பெட்டி. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே இரண்டு வண்டி வந்துவிடாமல் காத்த இரும்புப் பெட்டி அது. அடுத்த ஸ்டேஷன்காரர் சம்மதித்தால்தான் அதிலிருந்து இரும்புக் குண்டு வெளியே வரும். அந்தக் குண்டு கைக்கு வராமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார்.

என் வீட்டுக்காரர் அந்தப் பெட்டியை இயக்கியவர். ஓய்வு பெற்ற பிறகும் தினம் காலையில் போய் அதைத் துடைத்துவிட்டு வருவார். போகாத நாளில் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, நான் வைக்கும் சாம்பாருக்கு இன்ஸ்பெக்டர் வேலை பார்ப்பார். அதனால் அந்தப் பெட்டி மேல் எனக்கும் தனிப் பாசம்.

போன வருஷம் பெரிய ஆபீசிலிருந்து தகவல் வந்தது. பெட்டி துருப்பிடிக்கிறது, கண்ணாடிக் கூண்டும் விளக்கும் ஈரம் உறிஞ்சும் மெஷினும் வேண்டும், அதற்கு ஊரே ஏற்பாடு செய்தால் பெட்டி இங்கேயே இருக்கலாம், இல்லையென்றால் பட்டணத்து மியூசியத்துக்குப் போய்விடும் என்றார்கள். வீட்டுக்காரர் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

"எட்த்துக்கினு போனா போவட்டும். எனக்கு இன்னா?" என்றார்.

அவர் இப்படிச் சொன்னால் உள்ளே உயிர் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நான் சயின்ஸ் டீச்சராக இருந்தவள். பொதுக் காரியத்துக்குக் கை நீட்டக் கூச்சப்பட மாட்டேன். அடுத்த நாளே வசூலுக்குக் கிளம்பினேன்.

கல்வராயன் மலையைக் கூட விடவில்லை. கூட வேலை பார்த்த டீச்சர் ஒருத்தி வெள்ளிமலையில் இருக்கிறாள், அவளைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். ஒரு வீட்டில், புளி தட்டிக்கொண்டிருந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்க மலைக்கு ரயிலே வரல. நாங்க எதுக்கும்மா குடுக்கணும்?"

நியாயமான கேள்வி. நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். "இத வித்துக்கோ" என்று ஒரு மூட்டை புளியைத் தூக்கிக் கொடுத்தார். பஸ்ஸில் அந்த மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டே மலையிலிருந்து கீழே இறங்கினேன்.

மலையில் கிடைத்த மரியாதை கீழே கிடைக்கவில்லை. போன இடமெல்லாம் ஒரே கேள்வி, "பேரு போடுவீங்களா?" எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கோயில்களில் பார்த்திருக்கிறேனே, டியூப் லைட் நீளத்துக்கு உபயம் என்று பேரை எழுதி, வெளிச்சம் இரண்டு முனையில் மட்டும் எட்டிப் பார்க்கும். "இது மியூசியம், கோயில் இல்ல. பேரெல்லாம் கெடையாது" என்று கறாராகச் சொன்னேன். அத்தோடு வசூலும் கறாராக நின்றுபோனது.

"போட்டா போட்டுட்டுப் போவட்டுமே. பேரு எழுதினா பெட்டி இன்னா தேஞ்சிடுமா?" என்றார் வீட்டுக்காரர். எனக்குத் தெரியாமல் எல்லோருக்கும் வாக்குக் கொடுத்தும் விட்டார். பிறகு பணம் தானாக வந்தது.

பெரிய தொகை கொடுத்தவர் நைனார்பாளையத்து உரக்கடைக்காரர். கண்ணாடிக் கூண்டு முழுவதும் அவர் செலவு. வீட்டுக்கே வந்து பேசினார்.

"டீச்சர், முன்பக்கக் கண்ணாடி எங்கப்பாவுக்குங்க. போன வருசந்தான் தவறிட்டாரு. அவரு பேரு எங்கனா எழுதி வையிடான்னு எங்கம்மா கேட்டுக்கினே கீறாங்க."

விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு தலையாட்டினேன்.

உளுந்தூர்பேட்டையில் செய்த கூண்டு வந்து இறங்கிய சமயம், நான் ஒரு கல்யாணத்துக்காக மணலூர்பேட்டை போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் கூண்டில் கண்ணாடியே தெரியவில்லை. பெயின்டர் கண்ணாடியில் ஓர் அங்குலம் விடவில்லை. பக்கவாட்டில் அரிசி மண்டி, பாத்திரக்கடை, பால் சொசைட்டிக்காரர் குடும்பம். முன்பக்கத்தில் மஞ்சளும் சிவப்புமாக உபயம், உரக்கடைப் பெயர், போன் நம்பர், நடுவில் தாமரை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. அடியில் ஒரு வரி, தகப்பனார் நினைவாக என்று உரக்கடைக்காரரின் அப்பா பெயர்.

"பெட்டி எங்கங்க?"

"உள்ளதான் கீது" என்றார் வீட்டுக்காரர், என் முகத்தைப் பார்க்காமல்.

மறுநாளே பெரிய ஆபீஸ் அதிகாரி கூண்டைப் பார்க்க வந்துவிட்டார். உபயதாரர்கள் எல்லோரும் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் வரிசையாக நின்றார்கள். அதிகாரி கூண்டைச் சுற்றி வந்தார்.

"நல்லா இருக்கு. உள்ள என்ன வச்சிருக்கீங்க?"

நான் மட்டும் இல்லையென்றால் யாராவது சிரித்திருப்பார்கள். நான் முறைத்துக்கொண்டு நின்றேன். அதிகாரி கோபப்படவில்லை, ஆனால் விடவும் இல்லை. "பொருள் கண்ணுக்குத் தெரியணும். முன்பக்கமாவது தெளிவா இருக்கணும். நான் சாப்பிட்டு வரேன். அதுக்குள்ள சரி பண்ணா பெட்டி இங்கயே இருக்கும். இல்லன்னா வேனை வரச் சொல்லிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முன்பக்கம் என்றதும் பக்கவாட்டுக்காரர்களுக்கு மூச்சு வந்தது. எல்லோரும் உரக்கடைக்காரரைப் பார்த்தார்கள். அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். வீட்டுக்காரர் துடைக்கும் துணியைக் கையில் சுருட்டிக்கொண்டு, யாரிடமும் எதுவும் கேட்காமல் சுவரோரமாக நின்றார்.

உரக்கடைக்காரர் பெட்டிக்கடைக்குப் போய் ஒரு பிளேடு வாங்கி வந்தார். வெள்ளைச் சட்டையோடு தரையில் உட்கார்ந்து சுரண்ட ஆரம்பித்தார். உபயம் போனது. கடைப் பெயர் போனது. போன் நம்பர், தாமரை, குத்துவிளக்கு எல்லாம் உதிர்ந்தன. கொஞ்சம் கொஞ்சமாகச் சிவப்புப் பெட்டி வெளியே தெரிந்தது. கடைசி வரிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. பிளேடை அந்தப் பெயரின் முதல் எழுத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

எங்கள் அப்பா அம்மா பேர் கல்லறைத் தோட்டத்தில் கல்லில் இருக்கிறது. வருஷா வருஷம் போய்க் கழுவி, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருகிறோம். எரித்துச் சாம்பலை ஆற்றில் கரைக்கிற வீட்டில், அந்தப் பேரை எங்கே போய்த் தொட்டுப் பார்ப்பார்கள் என்று நான் யோசித்ததே இல்லை.

அதிகாரி திரும்பி வந்து வாசலில் நின்றார். நான் முந்திக்கொண்டேன்.

"சார், அந்த ஒரு வரி இருக்கட்டும். பெட்டிய ஒண்ணும் மறைக்கல. நீங்களே பாருங்க."

இத்தனை நாள் பேரே கூடாது என்று குதித்தவள் பேசுவதைக் கேட்டு வீட்டுக்காரர் வாயைப் பிளந்தார். அதிகாரி குனிந்து பார்த்தார். தள்ளி நின்றும் பார்த்தார்.

"பெட்டி முழுசா தெரியுது. பேர் இருக்கட்டும்."

"அப்ப வேனு?" என்றார் வீட்டுக்காரர்.

"எதுக்கு வேன்?"

உரக்கடைக்காரர் எழுந்து, சட்டையில் ஒட்டிய பெயின்ட் தூளைக் கூடத் தட்டாமல் வெளியே போய்ப் போன் போட்டார். பேசியது எங்களுக்கும் கேட்டது.

"எம்மா, அப்பா பேரு கீதும்மா. ஆமா, அழிக்கல. பெட்டியும் இங்கதான் இருக்கப்போவுது. நாளைக்கி உன்ன இட்டாந்து காட்டறேன்."

வீட்டுக்காரர் கதவருகே போய், அவரைப் பார்த்துச் சொன்னார்.

"அம்மாவக் காலைலயே இட்டாங்க. நான் இங்கதான் இருப்பேன்."