உப்புச் சேற்றில் இறங்கிய மாடுகள்

மலாயாவில் கேம் ரேஞ்சர், அதாவது காட்டு விலங்குக் காவலர் வேலை என்றதும் துப்பாக்கி தருவார்கள் என்று நினைத்துக் காக்கிச் சட்டை தைத்துக்கொண்டு போனேன். முதல் நாளே தோளில் உப்பு மூட்டையை ஏற்றினார்கள். ஈப்போவிலிருந்து ரயிலில் வரும் மூட்டைகளைச் சுங்காய் காட்டுக்குள் சுமந்து போக வேண்டும். வியர்வையோடு உப்புச் சேர்ந்து தோள் அரித்ததுதான் மிச்சம்.

காட்டுக்குள் உப்புக் கரிக்கும் சேற்றுப் பள்ளம் ஒன்று இருந்தது. செலாடாங் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் காட்டு மாடுகள் அந்தச் சேற்றை நக்க வரும். மழையில் உப்புக் கரைந்துபோனால் அவை வேறு பக்கம் நகரும். பக்கத்து ரப்பர் தோட்டங்களுக்குள் நுழைந்தால் யாராவது சுட்டுவிடுவார்கள். அதனால் நாமே உப்புக் கொட்டி அவற்றைக் காட்டுக்குள் நிறுத்திவைப்பது எங்கள் துரையின் ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், இன்றைக்கும் குறை சொல்ல மாட்டேன்.

ஒரு மழைக்காலம் முடிந்த கையோடு பக்கத்து ரப்பர் தோட்டத்து மாடுகளுக்குக் கோமாரி கண்டது. வாயில் நுரை, குளம்பில் புண். அது தோட்டத்துச் சங்கதி, நமக்கென்ன என்று இருந்தோம்.

பிறகு ஒரு காலையில், விலங்குத் தடம் பார்க்கும் மலாய்க்காரர் பாக் மானோடு பள்ளத்துக்குப் போனேன். தோட்டத் தொழிலாளர் லயத்தில் குடியிருக்கும் வீராயி, ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிற உடையிலேயே, முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு ஒரு பசு மாட்டைப் பிடித்திருந்தார்.

"அக்கா, இங்க என்னா செய்யிறீங்க?"

"மாட்டுக்குக் கால் புண்ணுங்கய்யா. எங்க ஊர்ல கோமாரி கண்டா உப்புச் சேத்துலதான் நிக்க வைப்போம். கடை உப்புக்கு நாங்க எங்க போறது? இங்க தொரை மூட்டை மூட்டையா கொட்டியிருக்காருல்ல."

"நீங்க மட்டுமா வாரீங்க?"

"லயமே வருதுலா. பாருங்க, நேத்துப் படுத்துக் கெடந்துச்சு, இன்னிக்கி நடக்குது."

அந்த மாட்டின் வாய் நுரை, செலாடாங் நக்குகிற சேற்றில் சொட்டிக்கொண்டிருந்தது. வீராயி மேல் கோபம் வரவில்லை. நானும் சித்தியவான் தோட்டத்தில் பிறந்தவன். எங்கள் வீட்டு மாட்டுக்கு வந்திருந்தால் என் அம்மாவும் இதையேதான் செய்திருப்பார்.

கங்காணியைப் பார்த்துப் பேசினேன். மாட்டைப் பள்ளத்துக்கு ஓட்டி வர வேண்டாம் என்று லயம் லயமாக ஏறி இறங்கிச் சொன்னேன். மறுநாளே வருவதை நிறுத்திவிட்டார்கள். பாக் மானும் நானும் மூங்கில் வெட்டிப் பள்ளத்தைச் சுற்றி வேலி போட்டோம். கை கொப்பளித்ததுதான் பலன். நோய் எங்களுக்கு முன்பே உள்ளே போய்விட்டிருந்தது.

முதலில் செலாடாங் கன்றுகள் விழுந்தன. பெரிய காளை ஒன்று நொண்டி நொண்டி வேலிவரை வந்து, தாண்ட முடியாமல் படுத்துவிட்டது. பாக் மான் தொட்டுப் பார்த்துவிட்டு, "சுடா மாத்தி" என்றார். செத்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் காளையைக் கன்றாக இருந்த நாளிலிருந்து அவருக்குத் தெரியும். தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

துரை ஈப்போவிலிருந்து வந்து பார்த்தார். முகம் சுண்டிப்போயிருந்தது.

"யார் மேலே கேஸ் போடலாம்?" என்று கேட்டார்.

"உப்பு நம்மளுதுங்க தொரை" என்றேன்.

கேஸ் பேச்சு அதோடு முடிந்தது. செலாடாங் கூட்டத்தில் பாதி மிஞ்சியிருந்தால் அதிகம்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. காட்டுக்குள் கால் வைப்பதற்கு முன்னால், பக்கத்து லயத்து மாட்டுக் கொட்டகையைப் போய்ப் பாருங்கள். அந்த மாட்டுக்கு நோய் வந்தால் என்ன செய்வார்கள் என்று கேட்டு வையுங்கள். நாங்கள் கேட்கவில்லை.

எல்லாம் அடங்கிய பிறகு ஒரு நாள் லயத்தைக் கடந்து போனேன். வீராயி ஒரு செம்போடு ஓடி வந்தார்.

"ஒங்க உப்புலதான் மாடு பொழைச்சுச்சுங்கய்யா. மொதப் பாலு ஒங்களுக்குன்னு வச்சிருந்தேன், குடிங்க."

செத்த காளையைப் பற்றி அவரிடம் சொல்லியிருக்கலாம். களைப்பாக இருந்தது. நின்றபடியே வாங்கிக் குடித்தேன். பால் நன்றாகத்தான் இருந்தது.